தானாக வீடு திரும்பும் செருப்பு

காப்புரிமை மனுக்களைப் படித்து, அடுத்து எந்தத் தொழில்நுட்பம் எழும் என்று சொல்வது எங்கள் பிழைப்பு. கோயில் வாசலில் விட்ட செருப்பு தானாக வீடு திரும்பும் கருவிக்கு ஒரே ஆண்டில் அறுபத்தோரு மனுக்கள் வந்திருந்தன. ‘மாபெரும் அலை’ என்று வாடிக்கையாளருக்கு அறிக்கை அனுப்பிவிட்டார் மேலாளர் இளஞ்சேரன். பிறகுதான் நான் மனுதாரர் பெயரைப் பார்த்தேன். அறுபத்தொன்றையும் போட்டது போடிநாயக்கனூர் சங்கிலிமுத்து என்ற ஒரே ஆள்.

இளஞ்சேரன் வேர்த்துப்போய் அந்த ஆளுக்கே போன் போட்டார். “ஐயா, அடுத்த வருஷமும் இதே மாதிரி மனு போடுவீங்கள்ல? என் வேலையே உங்க கையிலதான் இருக்கு.”

“எதுக்கு சார்? ஒண்ணாவது தேறட்டும்னுதான் விடாம போட்டேன். இன்னைக்குக் காலையில ஒண்ணு தேறிடுச்சு.”

இளஞ்சேரன் கண்ணை மூடிக்கொண்டார்.

“ரொம்ப சந்தோஷம்ங்க. குடைகூட அடிக்கடி தொலையுதுங்களே?”