பறந்துபோன பஞ்சு

புது மாதிரிக் கூடு கட்டும் பறவைக்கு ஒரு பொதி இலவம்பஞ்சு என்று காட்டரசன் யானை அறிவித்தது. நாற்பது பறவைகள் வாங்கிக்கொண்டு போயின. மழை ஓய்ந்ததும், பலன் என்ன என்று பார்த்துவர மரங்கொத்தியை அனுப்பியது. பலன் இல்லையென்றால் அடுத்த வருஷம் பஞ்சு கிடையாது.

மரங்கொத்தி மரம் மரமாகப் போனது. நாற்பது கூடுகளும் நனைந்து ஊறிக் கீழே கிடந்தன.

"அழகாத்தானே கட்டினோம்! மழை பெஞ்சா நாங்க என்ன பண்ண?" என்று மைனா சண்டைக்கு வந்தது.

திரும்பும் வழியில், ஒரு தேக்கங்கன்றில் இரண்டு இலைகள் நூலால் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. உள்ளே ஈரமே படாமல் மூன்று குஞ்சுகள். பக்கத்தில் ஒரு தையல்சிட்டு.

"யாரம்மா நீ? பட்டியலில் உன் பேரே இல்லையே?"

"கேட்க வெக்கமா இருந்துச்சுண்ணே. காத்துல பறந்து வந்த பஞ்சைத் திரிச்சுத் தைச்சுப் பார்த்தேன். அடுத்த ஈட்டுக் குஞ்சுகளுக்கும் பஞ்சு வருமாண்ணே?"

பறிக்காத பச்சை இலை அப்படியே தொட்டிலாகியிருந்தது. கடவுளே, இப்படியும் ஒரு கை வேலையா! மரங்கொத்தி அரசனிடம் பறந்தது.

"எனக்குச் சொல்லத் தெரியலை அரசே. நீங்களே வந்து பாருங்க."

நடந்தால் தரை அதிரும் யானை, பூனைபோல் அடிவைத்து வந்து எட்டிப் பார்த்தது. தன் மூச்சுப் பட்டு இலை ஆடியதும், அத்தனை பெரிய உடம்பு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது.

பிறகு மெல்லப் பின்வாங்கி, மரங்கொத்தியின் காதில் சொன்னது:

"அடுத்த வருஷம் பொதியாக் கட்டாதே. காத்தடிக்கிற நாளாப் பார்த்துத் தூவி விடு."