வாசிப்பில் முதல் பிள்ளை

தேன்மிட்டாய்ப் பொட்டலத்தோடு பள்ளிக்கூட நூலகத்துக்குள் நுழைந்த மாடம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. டீச்சர் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார் என்றால், மகளுக்குப் பரிசு இல்லாமல் வேறென்ன?

நல்ல காலம் வந்தால் சேர்ந்துதான் வரும் போலிருக்கிறது. போன மாதம் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டு, ஆஸ்பத்திரியில் ஊசி குத்திச் சோதனைக்கு எடுத்தபோது பாவம், அவள் பாதி செத்துவிட்டாள். புருஷன் வேலப்பன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். தனக்கும் ஒன்று ஆகிவிட்டால் மகள் திவ்யலட்சுமி யார் வாசலில் போய் நிற்பாள்? அந்தப் பயம்தான் அவளைத் தின்றது.

கடைசியில் ஒன்றுமில்லை. சாதாரணக் கட்டிதான், தானாகக் கரைந்துவிடும் என்று கடுதாசி வந்துவிட்டது. அந்தக் கடுதாசியை அவள் இன்னும் பர்சில் வைத்துக்கொண்டு திரிகிறாள்.

நூலகத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த வகுப்பில் பாதிப் பேர் வெளியூர்களிலிருந்து கேரளத்துக் கழக்கூட்டத்துக்குப் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள். வெள்ளிக்கிழமைதோறும் அவர்களுக்கு ஒரு பயிற்சி உண்டு. மலையாளத்தில் ஒரு கதையை வாசிக்க வேண்டும். பிறகு அதை வீட்டு மொழியில், அம்மாவுக்குச் சொல்வதுபோல் சொல்ல வேண்டும்.

மணி அடித்தது. பிள்ளைகள் கலைந்து ஓடினார்கள். திவ்யா மட்டும் புத்தகங்களை அலமாரியில் அடுக்க நின்றுகொண்டாள்.

சுஜா டீச்சர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலைக்காரர். தமிழும் மலையாளமும் அவர் வாயில் கலந்துதான் வரும். "உட்காருங்க சேச்சி. திவ்யாவைப் பத்தி ஒரு காரியம் சொல்லணும்" என்றார்.

"பரிசா டீச்சர்?" மாடம்மாள் மிட்டாயை நீட்டினாள்.

டீச்சர் எடுத்துக்கொள்ளவில்லை. "கதை சொல்ற போட்டிக்கு இவளை அனுப்ப முடியாது போலிருக்கு சேச்சி."

மாடம்மாளுக்குச் சுருக்கென்றது. "என்ன டீச்சர் இப்படிச் சொல்லுதீக? எனக்கு மலையாளத்துல ஒரு எழுத்து தெரியாது. பஸ் போர்டுல இருந்து ஆஸ்பத்திரிக் கடுதாசி வரைக்கும் எம்மவதான் வாசிச்சுச் சொல்லுதா. அவளுக்கா வாசிக்கத் தெரியாது?"

"அய்யோ, வாசிப்புல அவதான் முதல். ஒரு அட்சரம் தெற்றாது, கேட்டோ. தமிழ்ல சொல்லும்போதான் கதையை மாத்திடறா."

டீச்சர் ஒரு படப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். "இதுல தாய் ஆடு ஆத்து வெள்ளத்துல போயிடும். குட்டி தனியா நிக்கும். இவ என்ன சொன்னா தெரியுமோ? ஆடு நீந்திக் கரையேறி வந்து, குட்டிக்குப் பால் கொடுத்துச்சுன்னா."

மாடம்மாள் சிரித்தேவிட்டாள். இதற்குத்தானா இவ்வளவு? "பச்சப்புள்ள டீச்சர். பாவம் பாத்திருப்பா."

"ஒரு தடவைன்னா நானும் சிரிச்சிருப்பேன். கடலுக்குப் போன ஆள் திரும்பலைன்னு எழுதியிருந்தா, வந்துட்டான்னு சொல்றா. நாய்க்குட்டி செத்துப்போச்சுன்னா, உறங்கி எழுந்துச்சுங்கிறா. கெட்டது வர்ற பக்கம் எல்லாம் இப்படித்தான் சேச்சி."

"ஏன்னு கேட்டீகளா?"

"கேட்டேனே. 'அம்மாகிட்ட அதையெல்லாம் எப்படி டீச்சர் சொல்றது'ன்னு என்கிட்டயே திருப்பிக் கேக்கறா."

மாடம்மாளின் சிரிப்பு அப்படியே நின்றது.

கடுதாசியைப் பிரித்த அன்று பிள்ளை வெகுநேரம் வாயே திறக்காமல் நின்றது ஞாபகம் வந்தது. எழுத்துக் கூட்டுகிறாள் என்றுதான் அப்போது நினைத்தாள். அதற்குப் பிறகு ஒரு நாள் தவறாமல், காலையில் தலை பின்னும்போது, "கட்டி கரைஞ்சிருச்சாம்மா?" என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கரையவில்லை. வலிக்கவும் இல்லையே என்று மாடம்மாள்தான் சும்மா இருந்துவிட்டாள்.

பர்சைத் திறந்து கடுதாசியை எடுத்தாள்.

"என்ன சேச்சி அது? இங்க கொடுங்க" என்று டீச்சர் கையை நீட்டினார்.

மாடம்மாள் கொடுக்கவில்லை. அன்றைக்குச் சொன்னதையே மகள் இன்றைக்கும் சொல்லிவிடமாட்டாளா என்று ஒரு நப்பாசை.

"ஏட்டி திவ்யா, இங்க வா. டீச்சர் முன்னால இதை இன்னொருக்க வாசி மக்களே. உள்ளது உள்ளபடி வாசிக்கணும்."

திவ்யா கடுதாசியை வாங்கிக்கொண்டாள். டீச்சரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். முதல் வரியில் விரலை வைத்தவள், அதை அங்கிருந்து நகர்த்தவே இல்லை. கண்ணீர் மட்டும் பொலபொலவென்று கடுதாசியில் விழுந்தது.

"எனக்கு வாசிக்கத் தெரியாதும்மா."