பெயர் இருந்த இடம்
சிலிபின் வட்டாரத்து அச்சுக்கூடத்தில், மை காயாத மாதிரித் தாளை விளக்கடியில் பிடித்திருக்கிறார் என் சம்பந்தி ராமையா. என் மகளின் கல்யாணப் பத்திரிகை. மூத்த மகன் கல்யாணத்துக்குக் கோத்த ஈய எழுத்துகளையே திருத்திப் போட்டிருக்கிறார் அச்சுக்கோக்கும் அபுபக்கர். என் பெயருக்குக் கீழே இருந்த தம்பி பெயரை எடுக்கச் சொன்னேன். எடுத்தவர், அந்த இடத்தை வெறும் தகடுகளால் நிரப்பிவிட்டார். தாளில் ஒரு வரி உயரத்துக்கு வெள்ளையாக நிற்கிறது. தம்பி மாயாண்டி சிறையில் இருக்கிறான். எனக்கு உடன்பிறப்பே இல்லை என்று, பெண் பார்க்க வந்த அன்றே ராமையாவிடம் சொல்லிவிட்டேன். "இங்க என்னா சம்பந்தி, பல்லு விழுந்த மாரி இருக்கு?" அவர் விரல் அந்த வெள்ளையில் நிற்கிறது. யாரிடமும் கெஞ்சாத நான் அபுபக்கரின் முகத்தைப் பார்க்கிறேன். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார். "தகடு கூடிப் போச்சிண்ணே. எடுத்தா ஒட்டிக்கும்லா." தகடுகளை ஒவ்வொன்றாக உருவுகிறார். கீழ்வரிகள் மேலேறி என் பெயரோடு சேர்கின்றன. மூச்சு விடுகிறேன். ராமையா சிரித்தபடி, மேசையோரம் நூல் கட்டிக் கிடக்கும் எழுத்து வரி ஒன்றை விளையாட்டாக எடுக்கிறார். "எல்லாம் திரும்பிக்கிட்டு இருக்குலா," என்று வெளிச்சத்தில் உயர்த்தி, கண்ணைச் சுருக்கி, வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டுகிறார்: "மா... யா..."