நீலச் சட்டையைக் கண்டா ஆகாது

பெத்த புள்ளை காலுல ரத்தம் வழியுது. அம்மாக்காரி சேவலை மடியில வெச்சு முதுகைத் தடவிக் கொடுத்துக்கிட்டு இருக்காங்க. இப்படி ஒரு தாயை நீங்க எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? நான் பார்த்தேன், எங்க பக்கத்து வீட்டுல.

அந்த வீட்டுத் தம்பி மெக்கானிக். தங்கமான பையன். எங்க வீட்டு மோட்டார் மக்கர் பண்ணினா கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவார். அன்னிக்கு அவர்தான் நொண்டிக்கிட்டே வந்து என்னைக் கூட்டிட்டுப் போனார்.

"அக்கா, கோழி வளர்க்கறதுல நீங்க கில்லாடி. அந்தச் சனியனுக்கு ஏதாவது வழி பண்ணுங்க. கொல்லைப்பக்கம் காலையே வைக்க முடியல. என்னைக் கண்டா மட்டும் பறந்து பறந்து குத்துது."

நீல யூனிஃபார்ம் பேன்ட் முழங்காலுக்குக் கீழே கிழிஞ்சு தொங்குச்சு. கெண்டைக்கால்ல நல்ல ஆழமான காயம்.

அவர் பொண்டாட்டி கோழிங்க இருக்கிற கம்பிவலைக்குள்ள, கவிழ்த்துப் போட்ட பக்கெட் மேல உட்கார்ந்து முட்டை துடைச்சுக்கிட்டு இருந்தா. புருஷனுக்கு அடிபட்டிருக்கு, கொஞ்சம் பஞ்சு எடுத்துட்டு வரணுமேன்னு தோணல அவளுக்கு. மாமியாரும் மருமகளும் நல்லா ஜோடி சேர்ந்திருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.

அம்மாக்காரி மடியிலேர்ந்து சேவலை வாங்கி அக்குள்ல இடுக்கினேன். கொத்தும்னு பார்த்தா, பஞ்சு மூட்டையாட்டம் அசையாம இருக்கு!

"இது முரட்டுச் சேவலே இல்லையே, தம்பி. நீங்க உதைச்சீங்களா?"

"குத்த வந்தா உதைக்காம கொஞ்சுவாங்களாக்கா?"

"அதான் தப்பு. உதைச்சா, சண்டைக்குக் கூப்பிடுறாங்கன்னு நினைச்சுக்கும். தினமும் இப்படித் தூக்கி வெச்சுக்கிட்டு நடக்கணும். தலையை மெதுவா கீழே அழுத்தணும். யார் பெரியவங்கன்னு அதுக்குப் புரியணும், அவ்வளவுதான்."

"உதைச்சா இன்னும் வெறி ஏறுமாம்மா?" அம்மாக்காரி ரொம்ப அக்கறையா கேட்டாங்க.

"பின்னே? ஆளைக் கண்டாலே பாயும். அந்த ஆளோட துணிமணியைக் கண்டாக்கூடப் பாயும்."

அவங்க தலையை ஆட்டிக்கிட்டாங்க. சரி, புத்தி வந்துடுச்சுன்னு எனக்குச் சந்தோஷம்.

"பெரியம்மா, ஒரு வாரம் இது எங்க வீட்டுல இருக்கட்டும். பெட்டிப்பாம்பா திருப்பித் தரேன்."

"வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா விட்டுடு. இது இங்கேயேதான் இருக்கணும்."

எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துடுச்சு. "புள்ளையைவிட சேவல் பெருசா போச்சா உங்களுக்கு?"

"ஆமா."

கொஞ்சம்கூட யோசிக்கல, அந்த அம்மா. அந்தத் தம்பி என்னைப் பார்த்து, "பார்த்தீங்களாக்கா என் நிலைமையை?"ன்னு பாவமா சிரிச்சார். "நாளைக்குக் காலையில நான் வேலைக்குப் போனதும் வந்து தூக்கிட்டுப் போயிடுங்க. இல்லேன்னா நானே கழுத்தைத் திருகிடுவேன்."

மறுநாள் சாக்குப்பையோட கொல்லைக் கதவைத் தள்ளினேன். உள்ளே நீலச் சட்டை, நீல பேன்ட், பெரிய பூட்ஸ். தம்பி இன்னும் வேலைக்குப் போகலையா? பூட்ஸ் காலால சேவலை எத்தறதும், துடைப்பத்தால சீண்டறதுமா ஒரே ரகளை. சேவல் ஆக்ரோஷமா எகிறி எகிறிக் குத்துது.

"ஐயோ தம்பி, எத்தனை தடவை சொன்னேன், உதைக்காதீங்கன்னு!"

நீலச் சட்டை திரும்புச்சு.

அடக் கடவுளே! அது அந்த அம்மா. புள்ளையோட மாத்துத் துணியையும் பழைய பூட்ஸையும் மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. மூச்சு வாங்குது. பேன்ட்டைத் தாண்டிக் குத்தியிருக்கு போல, பூட்ஸ் மேல ரத்தம் சொட்டுது.

சாக்குப்பையோட கிட்டப் போய்க் கத்தினேன்.

"நீங்களா? நீங்களா இதுக்கு வெறி ஏத்திவிடுறீங்க? நான் சொன்னதைக் கேட்டுக்கிட்டே... சே! பெத்த புள்ளை மேல இப்படி ஒரு வன்மமா? நீங்கெல்லாம் ஒரு தாயா?"

கம்பிவலைக்குள்ளேர்ந்து மருமக ஓடி வந்தா. "அக்கா, அவங்களைத் திட்டாதீங்க!"ன்னு கையெடுத்துக் கும்பிட்டா. புடவைத் தலைப்பு சரிஞ்சுது. தோள்லேர்ந்து முழங்கை வரைக்கும் கன்னிப்போய்க் கிடந்துச்சு, பழசும் புதுசுமா.

அந்த அம்மா பூட்ஸைக் கழட்டி, துடைச்சு, இருந்த இடத்துல அப்படியே வெச்சாங்க. அப்புறம் என் கையிலிருந்த சாக்குப்பையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"இவ அண்ணன் வெளியூர்லேர்ந்து கிளம்பிட்டான், கூட்டிட்டுப் போக. அவன் வர்ற வரைக்குமாவது சேவலை விட்டுவைம்மா. நான் குறுக்கே போனா என்னையும் தள்ளிவிடுறான். வீட்டுல ஒரு கதவுக்காவது தாழ்ப்பாள் இருக்கா, போய்ப் பாரு. எல்லாத்தையும் உன் தங்கமான தம்பி கழட்டிப் போட்டுட்டான். அவன் பெல்ட்டை உருவினா, இவ ஓடி வந்து நிக்க இந்தக் கோழிக்கூடு ஒண்ணுதான் இருக்கு."