பெயருக்குள் ஒரு ‘ஷ’

போலந்தின் வூட்ஜ் நகரத்துச் சமையலறையில் காலை வெயில் டானுத்தாவின் கைக்கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. பக்கவாதத்தில் நாக்குக் குழறியதிலிருந்து கணவன் லெஷெக்கை அவள் ‘லெஸெக்’ என்றே கூப்பிடுகிறாள். பேச்சுப் பயிற்சி தரும் ஹல்ஷ்கா அவள் மேலண்ணத்தில் பிளம் ஜாம் தடவுகிறாள். "நாக்கு நுனி பல்லுகிட்டயே நின்னா ‘ஸ’தான்க்கா வரும். ஜாம் இருக்கிற எடத்துக்கு இழுத்து, உதட்டக் குவிச்சு ஊதுங்க." மறுபடியும் பாம்புச் சீறல்தான். ஜாமை விழுங்கிவிட்டு டானுத்தா சிரிக்கிறாள். அடுப்படியில் பால் காய்ச்சுகிற லெஷெக் தன் நாக்கையும் திருட்டுத்தனமாக உள்ளே இழுத்துப் பார்க்கிறான். முதுகுக்குப் பின்னால் அந்தச் சீறல் தடித்து, மழைச் சத்தம்போல் இறங்குகிறது. "லெஷெக், பால் பொங்குது." அவன் சடாரென்று திரும்புகிறான். பால் வழிந்து தீயில் கருகுகிறது. "இன்னொரு தடவ சொல்லு, டானுத்தா." "மொதல்ல அடுப்ப அணைய்யா, லெஷெக்."