மேல மீட்டிங் நடக்கு

“ஏலே, ஹாரன் அடிக்காத. மேல மீட்டிங் நடக்கு.”

லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். கடை வாசலில் நின்று கையமர்த்தினார் பொன்னுதுரை. தூத்துக்குடி துறைமுகச் சாலையிலிருந்து பிரியும் சந்து அது. கீழே அவருடைய கயிறு, தார்ப்பாய்க் கடை. மேலே வீடு. மாடி அறையில் மகன் முத்துக்குமரன் கம்ப்யூட்டரோடு இருக்கிறான். பெங்களூர் கம்பெனி, இரண்டு மாதமாக வீட்டிலிருந்தே வேலை.

லாரி சத்தமில்லாமல் நகர்ந்தது. பொன்னுதுரை ஒரு படகுக்காரருக்காக நீல நைலான் கயிற்றை அளக்கத் தொடங்கினார். எதிர்வீட்டுப் பேச்சிச்செல்வி செல்போனோடு தெருவுக்கு வந்து நாத்தனாரிடம் உரக்கப் பேசினாள்.

“ஏளா பேச்சி, உள்ள போய்ப் பேசு. வெள்ளைக்காரன் லைன்ல இருக்கான்.”

“வீட்டுக்குள்ள டவர் கிடைச்சா நான் ஏன் அண்ணாச்சி வெயில்ல நிக்கேன்? உங்களுக்கென்ன, மாடிக்கு வயர் இழுத்து நெட் போட்டுட்டீங்க.” போனை அணைத்துவிட்டு அருகில் வந்தாள். “நானே கேக்கணும்னு நினைச்சேன். புள்ள வெளியவே வர மாட்டேங்கான். வேலை கீலை போயிட்டோன்னு தெருவுல பேசிக்கிடுதாவ.”

கயிற்றில் வைத்த கத்தி ஒரு கணம் நின்றது.

“பேசுதவங்களுக்கு வேற சோலி இல்ல. அவன் எழுதுத புரோகிராம் நின்னா அங்கன கப்பலே நின்னுரும். இந்தப் பேச்சு மட்டும் அவன் காதுல விழுந்திரக் கூடாது. மனசு கலைஞ்சா வேலை ஓடாது, பாத்துக்க.”

டீக்கடையிலிருந்து டம்ளர் வந்தது. அதை அவரே எடுத்துக்கொண்டு படியேறினார். முதல் படியிலேயே பலமாக இருமினார். நடுவில் நின்று இன்னொரு முறை. மேலே ஆங்கிலம் கேட்டது. டம்ளரைக் கதவோரம் வைத்துவிட்டு இறங்கினார்.

“நாங்க பேசுனா தப்பு. உங்க இருமல் மட்டும் வெள்ளைக்காரனுக்குக் கேக்காதோ?”

“வயசாயிட்டுல்லா. அது பாட்டுக்கு வருது.”

பேச்சிச்செல்வி சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் போனாள்.

சற்று நேரத்தில், தோளில் வயர்ச் சுருளோடு வந்து நின்றான் இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுத்த பிரைட்டன்.

“என்ன அண்ணாச்சி, உங்க லைன் முந்தாநேத்துல இருந்து டெட்டுன்னு ஆபீஸ்ல காட்டுது. ஒரு கம்ப்ளைண்ட் கூட வரல. கம்ப்யூட்டர்காரங்க வீட்டுல பத்து நிமிஷம் நெட் போனாலே எங்கள உண்டு இல்லைன்னு ஆக்கிருவாங்க.”

பொன்னுதுரை தராசைத் துடைத்தார்.

“பின்னால லாரி இழுத்து வயர் அறுந்திருக்கு. இப்பதான் மாத்திட்டு வாரேன். யாரோ புண்ணியவான், அறுந்த முனையச் சுருட்டி, யார் காலுலயும் மாட்டாம போஸ்ட்டோட கட்டி வச்சிருந்தாரு.” அவிழ்த்த கயிற்றுத் துண்டைக் காட்டினான். நீல நைலான். அவன் பார்வை கடையில் தொங்கிய நீலச் சுருளுக்குப் போய்த் திரும்பியது. “சரி, மாடில மோடத்த ஒருக்கா பாத்துட்டு வந்துருதேன்.”

அவன் படியில் கால் வைத்ததும் பொன்னுதுரை பலமாக இருமினார்.

“யெஸ், யெஸ்… கேன் யூ ஹியர் மீ?” மேலே முத்துக்குமரனின் குரல் கேட்டது.

பிரைட்டன் நின்றான். மாடியைப் பார்த்தான். அவரைப் பார்த்தான்.

பொன்னுதுரை அந்தக் கயிற்றுத் துண்டை அவன் கையிலிருந்து வாங்கிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

“மெதுவாப் பேசு தம்பி. மத்தியானம் அவன் சாப்பிட உக்காருவான், அப்ப வந்து பாரு. வேலை போனத அவனா என்கிட்ட சொல்லுத வரைக்கும், மேல மீட்டிங் நடக்கு.”