கமா அக்கா

"கமான்னா மிளகுத்தூளா? கண்ட இடத்துல தூவி வெச்சிருக்கீங்க?"

ரேடியோ நிலையத்துக்குப் புதிதாக வந்த செய்தி ஆசிரியர் கேட்டார். ஆங்கிலச் செய்தியைத் தட்டச்சு செய்யும் அக்கா தாளை வாங்கி வைத்துக்கொண்டாள். அந்த அறையில் அவளுக்கு ஏற்கெனவே 'கமா அக்கா' என்றுதான் பெயர்.

ஆசிரியருக்கு ஆங்கில இலக்கணம் என்றால் உயிர். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் ஒரு கமா! எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்களாம்? பார்க்கப் பார்க்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை சொன்னாலும் அக்கா தலையை ஆட்டிவிட்டுப் போவாள். மறுநாள் அதே கூத்துதான்.

இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டு, அன்றைய செய்தியை அவரே எடுத்துக்கொண்டார். வேண்டாத கமாவையெல்லாம் களைந்து, புதிதாகத் தட்டச்சு செய்து, நேராக வாசிப்பாளரிடம் கொடுத்தார். பக்கம் இப்போதுதான் லட்சணமாக இருந்தது.

வாசிப்பாளர் பழைய கை. தாளில் நிறுத்தம் இல்லாவிட்டால் ஒரே மூச்சாக ஓட்டுவார். அன்றும் ஓட்டினார். பாதி வாக்கியத்தில் குரல் கம்மியது. அடுத்ததில் மூச்சு இரைத்தது. ஊரே கேட்கிற நேரலை.

அக்கா, தான் முதலில் தட்டச்சு செய்திருந்த தாளோடு ஓடி வந்து, ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாள். கமா போட்டிருந்த இடம் வரும்போதெல்லாம் கையைத் தூக்கிக் காட்டினாள். வாசிப்பாளர் நிறுத்தினார், மூச்சு வாங்கினார், தொடர்ந்தார். செய்தி ஒருவழியாகக் கரை சேர்ந்தது.

"நுரையீரல்ல நோய் வந்து பிழைச்சவர் சார்," என்றாள் அக்கா. "வேலைக்குப் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டார். மூச்சுதான் இன்னும் முழுசா திரும்பல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"மைக்கை விட்டு எடுத்துடுவீங்களோன்னு பயம் சார். அதை விட்டா அவருக்கு வேற உலகம் கிடையாது. ஆனா போன மாசத்துக்கு இப்ப கமா பாதிதான். குறைஞ்சுக்கிட்டே வருது."

ஆசிரியருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் செய்தியை அவரே தட்டச்சு செய்துகொண்டு வந்து நீட்டினார். படித்துப் பார்த்த அக்கா தயங்கினாள்.

"சார், கமா ரொம்ப ஜாஸ்தியா இருக்கே?"

"இருக்கட்டும் அக்கா. அவருக்கு மூச்சு வர வர, குறைச்சுக்கலாம்."